கிணற்றங்கரை எஞ்சினைப் பேணுதல்



எங்கள் ஊர் நத்தம். கரந்தமலையும் சிறுமலையும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலும், ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எங்களுக்கு வாய்க்கவில்லை. மாந்தோப்பும் புளியமரமும் நிறைந்த அந்த வட்டாரத்தில், மழை கொடுத்தால் கண்மாய், கொடுக்காவிட்டால் கிணறு. என் பாட்டனார் காலத்தில் கிணற்றிலிருந்து நீரைக் கொண்டுவந்தவை இரண்டு காளைகளும் ஒரு கவலையும். விடியற்காலையில் கவலை ஏற்றத் தொடங்கினால், அந்தச் சகடையின் ஓசைதான் ஊருக்கே கடிகாரம். என் தந்தையார் காலத்தில் அந்த இடத்தில் ஓர் எண்ணெய் எஞ்சின் வந்து உட்கார்ந்தது. ஐந்து குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், இரு பக்கமும் வண்டிச் சக்கரம் போன்ற இரும்புச் சக்கரங்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1972-ஆம் ஆண்டுக் கோடை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நத்தம் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் தனியே பிரிந்தது. ஒரு நாள் பிற்பகல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நின்றது. பார்த்தால், தொட்டியில் டீசல் தீர்ந்துபோயிருந்தது. இது என்ன பெரிய குறை என்று டீசலை ஊற்றினோம். சுற்றினோம். எஞ்சின் இருமக்கூட இல்லை. தந்தையார் சுற்றினார், சிற்றப்பா சுற்றினார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார். மறுநாள் திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பினோம். மெக்கானிக் நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் கத்தரிப் பாத்தி கருகிவிட்டது. புதிதாக வைத்த மாங்கன்றுகளை மட்டும், குடத்தில் நீர் சுமந்து என் தாயார் காப்பாற்றினார்.

வந்தவர் எஞ்சினைப் பிரிக்கவில்லை. ஒரே ஒரு ஸ்பேனரை எடுத்தார், ஒரு சிறு திருகைத் தளர்த்தினார், இறுக்கினார். மற்றொன்றைத் தளர்த்தினார், இறுக்கினார். பிறகு சுற்றினார். எஞ்சின் ஓடியது. "அண்ணே, எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லை. ஏர் பிடிச்சிருந்தது, அவ்வளவுதான்" என்றார். பத்து நிமிடத்து வேலைக்காக நான்கு நாள் பயிரை வாடவிட்டோமே என்று தந்தையார் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. பின்னாளில் நான் தொழிற்பள்ளியில் பணிமனை ஆசிரியனாகப் போனதற்கு அந்தத் திருகும் ஒரு காரணம்.

அந்தத் திருகு என்ன செய்தது என்பது விளங்க வேண்டுமானால், எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். நாலைந்து முறை அழுத்தியதும் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? காற்றைத் திடீரென்று நெருக்கினால் அது சூடேறும். தென்கிழக்காசிய நாடுகளில் பழங்குடியினர் இந்த உண்மையைக் கொண்டே தீ மூட்டினார்கள். மூங்கிலிலோ கொம்பிலோ செய்த சிறு குழலுக்குள் ஒரு தண்டைப் படீரென்று அடித்து இறக்க, அடியில் வைத்த பஞ்சு பற்றிக்கொள்ளும். ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ப் டீசல், ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் வெற்றியோடு ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இதே உண்மையின்மேல் நிற்பதுதான். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினில் பொறி இல்லை; பிளக் இல்லை. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை, அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பிஸ்டன் நெருக்குகிறது. காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் கொதிப்படைகிறது. அந்த வேளையில் டீசலைப் பனிபோல் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது.

இந்தப் பனித்தூவலில்தான் எல்லா நுட்பமும் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் நிறுவனத்தார் செய்த 5 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றும். அதன் சாயலில் ராஜ்கோட்டில் பலர் எஞ்சின் வார்த்தார்கள். புணேயில் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் கம்பெனி 1946-இல் தொடங்கியது. எங்களது அந்தப் பழைய மெதுவான இனத்தைச் சேர்ந்தது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் பாயும். ஆகவே நிமிடத்துக்கு 300 முறை, மணிக்கு 18,000 முறை. மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக டீசல் செலவாகிறது என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஒரு முறைக்குப் பாய்வது ஏறக்குறைய ஒரே ஒரு துளி! அந்த ஒரு துளியை, பல சிறு எஞ்சின்களில், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் அளவு அழுத்தத்தில் நாசிலின் நுண்துளை வழியே தள்ள வேண்டும். சைக்கிள் டயரில் இருப்பது மூன்று நான்கு கிலோகிராம்தான்.

இப்போது அந்தத் துளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காற்றுக் குமிழி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். டீசல் நெருக்கினால் நெருங்காது. ஆகவே தள்ளிய தள்ளல் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்றோ பஞ்சுத் தலையணை போன்றது. பம்பு அழுத்தும்போது சுருங்கும், விட்டால் விரியும். நாசில் திறவாது. எத்தனை பேர் வந்து சுற்றினாலும் குமிழி சுருங்கி விரிந்துகொண்டே இருக்குமே தவிர, சிலிண்டருக்குள் ஒரு துளி போகாது. தொட்டி வற்றிய அன்று எங்கள் எஞ்சினுக்கு நேர்ந்தது இதுவே.

இதை நீக்குவதைப் பட்டறைகளில் 'ஏர் எடுப்பது' என்பார்கள். முதலில் திருகுகளைச் சுற்றியுள்ள புழுதியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நூல் உதிராத துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் திறந்தால் காற்றை வெளியே விட்டு மண்ணை உள்ளே விட்டதாகும். தொட்டியில் டீசலை நிரப்பிக் குழாயைத் திறந்து, பில்டரின் தலையிலுள்ள சிறு திருகை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் நுரையாக வரும். பிறகு குமிழியும் டீசலும் கலந்து வரும். கடைசியில் குமிழியில்லாமல் ஒழுகும். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே இறுக்க வேண்டும். ஒழுக்கு நின்றபின் இறுக்கினால் மறுபடி காற்று புகுந்துவிடும். பின்னர் டீசல் பம்பிலுள்ள திருகையும் இவ்வாறே செய்க. தொட்டி, பில்டர், பம்பு, நாசில் என்ற வரிசை முக்கியம். டீசல் எந்த வழியில் வருகிறதோ அதே வழியில் நாமும் போக வேண்டும்.

கடைசியாக, நாசிலுக்குப் போகும் உருக்குக் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, வால்வைத் தூக்கி நிறுத்தும் கைப்பிடியைப் போட்டுவிட்டு, எஞ்சினை மெல்லச் சுற்றச் செய்யுங்கள். டீசல் கொடுக்கும் நெம்புகோல் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். நட்டின் ஓரத்தில் டீசல் குமிழியின்றிக் கசிந்ததும் இறுக்கிவிடுங்கள். அதன்பிறகு சுற்றும்போது நாசிலிலிருந்து 'கிர்ர்க்' என்று ஓர் ஒலி கேட்கும். பழைய கதவின் கீல் முனகுவது போன்ற ஒலி. அது கேட்டால் எஞ்சின் ஓடும். அந்த ஒலி கேட்காமல் கையை ஒடித்துக்கொண்டு சுற்றுவது வீண்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாசிலிலிருந்து பீறிடும் டீசலுக்கு எதிரே விரலையோ முகத்தையோ ஒருநாளும் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. ஆயினும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். மற்றொன்று, எஞ்சின் அருகே தொங்கும் துண்டோடும் தழையத் தழையக் கட்டிய வேட்டியோடும் போகாதிருப்பது. ஓடும் பெல்ட்டுக்கு வேட்டியின் கரை ஒன்று போதும்.

ஏர் எடுத்தும் அடுத்த நாளே மறுபடி ஏர் பிடித்தால், எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை என்று பொருள். கிணற்றங்கரை எஞ்சினில் தொட்டி உயரத்தில் இருப்பதால், இணைப்புத் தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். இணைப்புகளிலுள்ள செம்பு வாஷர்கள் நாளடைவில் இறுகிக் கடினமாகிவிடும். அவற்றைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும். இரும்பைக் காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் என்று படித்த மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். செம்பின் குணம் வேறு.

படகு எஞ்சினில் நிலைமை வேறு விதம். ஒருமுறை பாம்பன் கரையில், பாய்மரமும் எஞ்சினும் உடைய ஒரு வள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் கிணற்றடியில் இருந்ததற்கு உறவு முறை சொல்லத்தக்க ஒற்றைச் சிலிண்டர்தான் அதிலும் இருந்தது. ஆனால் படகில் தொட்டி எஞ்சினுக்குக் கீழே இருந்தது. டீசலை ஒரு சிறு பம்பு உறிஞ்சி மேலே கொணர வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் இணைப்புத் தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுத்தான் உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அலையில் படகு ஆட, தொட்டியின் அடியிலுள்ள வண்டலெல்லாம் கலங்கிப் பில்டரை அடைக்கும். படகுக்காரர் தம் இடுப்புப் பையில் ஒரு ஸ்பேனர் எப்போதும் வைத்திருந்தார். "காத்து இருந்தா பாய், இல்லைன்னா இதுதான் தம்பி. நடுக்கடல்ல யாரைக் கூப்பிடுறது?" என்றார். எங்களுக்கு நான்கு நாள் தாமதம் ஒரு பாத்திக் கத்தரியைக் கொண்டுபோயிற்று. நீரோட்டம் இழுத்துச் செல்லும் படகில் நான்கு மணி நேரத் தாமதமே அதிகம்.

டீசல் தூய்மைக்கு வருவோம். தகர டப்பாவில் வாங்கி வந்த டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் இரண்டு விரற்கடையை விட்டுவிட்டு, வலை வைத்த புனலில் ஊற்றுவது நல்லது. தொட்டியை எப்போது நிரப்புவது? பெரும்பாலோர் காலையில் ஓட்டுமுன் நிரப்புவார்கள். மாலையில் ஓட்டி முடித்ததும் நிரப்புவதே சிறந்தது. பாதி காலியான தொட்டியில் மீதிப் பாதி காற்று. இரவுக் குளிரில் அக்காற்றிலுள்ள ஈரம் தகரத்தின் உட்புறம் வேர்த்து, துளித் துளியாக டீசலுக்கு அடியில் தங்கும். டீசலைவிட நீர் கனமானதல்லவா? மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் நிற்பது தெரியும்.

மசகெண்ணெயை ஒவ்வொரு நாளும் ஓட்டுமுன் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கறுத்திருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுக்கும். மோர் போல வெளுத்திருந்தால்தான் அஞ்ச வேண்டும், நீர் புகுந்திருக்கிறது. நாம் ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் அதுவும் நல்ல குறியன்று. டீசல் கசிந்து கலக்கிறது என்று பொருள். விரலில் தேய்த்தால் வழவழப்பின்றி நீர்த்திருக்கும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பது எஞ்சினோடு வரும் புத்தகத்தில் இருக்கும். அதைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு எண்ணி வந்தார் என் தந்தையார். ஓடி நின்ற சூட்டோடு வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். ஊற்றினால் நிலத்தில் இறங்கி அது நாம் குடிக்கும் கிணற்றுக்கே திரும்பி வரக்கூடும். டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்கலாம்.

காற்று வடிகட்டியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் கவலைப்பட்டதே இல்லை. சித்திரை வைகாசியில் நத்தத்துச் செம்மண் புழுதி எப்படிப் பறக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கும். மண்ணிலுள்ள பளிங்குக்கல் துகள் இரும்பைவிடக் கடினமானது. அது சிலிண்டருக்குள் போய் மசகெண்ணெயோடு குழைந்தால், சாணை பிடிக்கும் பசையாகிவிடும். சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் தேயும், அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் சூடு குறையும், சூடில்லாவிட்டால் டீசல் பற்றாது. அடியில் எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியானால், கோடுவரை எண்ணெய் விட்டு, சேறு கட்டியதும் கழுவி மாற்ற வேண்டும். புழுதிக் காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது அதிகமன்று.

குளிர்விக்கும் நீரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று. கிணற்று எஞ்சினில், இறைத்த நீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரிந்து, சிலிண்டரைச் சுற்றி ஓடி வெளியே விழும். அதை முழுவதும் திறந்துவிட்டால் எஞ்சின் வெப்பம் ஏறாமலே ஓடும், டீசல் அரைகுறையாக எரியும், கரி படியும். டீசலிலுள்ள கந்தகம் அமிலமாகிச் சிலிண்டரை அரிக்கவும் செய்யும். வெளியே விழும் நீரில் கையை வைத்தால் சிறிது நேரமே பொறுக்க முடிய வேண்டும். அந்த அளவுக்குக் குழாயை அடைத்துக்கொள்ளுங்கள். உப்பு நீர்க் கிணறானால் உள்ளே கறை படிந்து, தேநீர்க் கெண்டியின் அடிபோல் ஆகிவிடும். கடல்நீரையே சுற்றவிடும் படகு எஞ்சினில் இத்தொல்லை மேலும் அதிகம். ஆகவே அங்கே வெப்பத்தைச் சற்றுக் குறைவாகவே வைப்பார்கள். எந்த எஞ்சினானாலும், நீர் நின்று காய்ந்துபோயிருந்தால் பதறிப்போய்க் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். காய்ந்த வார்ப்பிரும்பு வெடித்துவிடும். நிறுத்திவிட்டு, தானாக ஆறும்வரை மரநிழலில் உட்காருங்கள்.

நீங்களே செய்யக் கூடாத வேலையும் உண்டு. டீசல் பம்பைத் தோட்டத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். அதன் உள்தண்டுக்கும் உறைக்கும் இடையிலுள்ள சந்து இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமயிரின் தடிமனோ ஏறக்குறைய 70 மைக்ரான். அதைத் தூசியற்ற அறையில், அதற்கென்று கருவிகள் வைத்திருப்பவர் பார்க்கட்டும். நாசிலின் அழுத்தத்தைச் சரிசெய்வதும் அப்படியே. மெக்கானிக்கிடம் போகும்போது புகையின் நிறத்தைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கரும்புகையானால் டீசல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. நீலமானால் மசகெண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையானால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது நீர் கலந்திருக்கிறது.

புகை என்றதும் சொல்லாமல் விடக் கூடாத ஒன்று நினைவுக்கு வருகிறது. மேலே வைத்த பம்பு ஏறக்குறைய ஆறு ஏழு மீட்டர் ஆழத்திலிருந்துதான் நீரை உறிஞ்ச முடியும். காற்று மண்டலத்தின் அழுத்தம் தாங்கி நிற்பது 10 மீட்டர் நீர்த்தூணையே. குழாயின் உராய்வுபோக மிஞ்சுவது அவ்வளவுதான். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்பையும் கிணற்றுக்குள் இறக்கும் வழக்கம் அதனால் வந்தது. பம்பை இறக்கலாம். எஞ்சினை இறக்காதீர்கள். கிணறு ஒரு குடம். அதற்குள் எஞ்சின் விடும் புகை வெளியேற வழியில்லை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். விளக்கைக் கயிற்றில் இறக்கி, அணையவில்லை, ஆகவே இறங்கலாம் என்று சொல்லும் பழைய சோதனை இங்கே உதவாது. பிராணவாயு குறைந்தால் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் கிணற்றில் நீர் இறங்கிய ஆண்டு, சிற்றப்பா எஞ்சினையே இறக்கிவிடலாம் என்றார். தந்தையார் இசையவில்லை. அந்த ஆண்டு பாதி நிலம் தரிசாகவே கிடந்தது.

இன்று எங்கள் ஊர்த் தோட்டங்களில் பெரும்பாலும் மின்மோட்டார்களே ஓடுகின்றன. ஆயினும் மின்னிணைப்புக்குக் காத்திருப்போர் தோட்டத்திலும், கட்டடம் கட்டுமிடத்துக் கலவை இயந்திரத்திலும், திருவிழாப் பந்தலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரிலும், கடற்கரைப் படகுகளிலும் டீசல் எஞ்சின் இருக்கிறது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்று படித்துவிட்டு, என் மாணவன் ஒருவன் வீட்டுக் கடலை எண்ணெயை எஞ்சினில் ஊற்றிவிட்டான். ஓடத்தான் ஓடியது, சில நாளில் நாசில் பிசின் கட்டிக்கொண்டது. கடலை எண்ணெய் டீசலைவிட மிகவும் கெட்டியானது. அவன் தாயார் சொன்னதை இங்கே சொல்வதற்கில்லை!

மழைக்காலத்தில் எஞ்சினுக்கு வேலை இராது. அப்போது தொட்டியை நிரப்பி, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரை வடித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையால் நாலு சுற்றுச் சுற்றி வைத்தால் வளையங்கள் துருவேறி ஒட்டிக்கொள்ளா. புகைக்குழாய் வானத்தைப் பார்த்திருந்தால் அதன் வழியே மழைநீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடும். என் தந்தையார் அதன் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார். தை மாதத்தில் முதன்முதல் ஓட்டும்போது அதை எடுக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவிருப்பதில்லை. எஞ்சின் பிடித்ததும் சிரட்டை பறந்துபோய்க் கிணற்றில் விழும். நான் கயிறு கட்டி இறங்கி எடுத்து வருவேன்.